லீக்கில் எல்லா ஆட்டமும் தோற்றாலும் கோப்பை வாங்கலாம்: கில்கென்னி ஹர்லிங் சாம்பியன்ஷிப் நடப்பது இப்படித்தான்

[திரையில்: ஸ்கோர்போர்டு. பாலிஹேல் 1-19, பாலிகன்னர் 1-17]

2022 பிப்ரவரி 12. டப்ளின் க்ரோக் பார்க் மைதானம், அகில அயர்லாந்து கிளப் ஹர்லிங் இறுதி ஆட்டம். ஹர்லிங் என்பது மட்டையும் பந்தும் வைத்து ஆடும் அயர்லாந்து விளையாட்டு. அறுபது நிமிடம் முடிந்து கூடுதல் நிமிடங்கள் ஓடுகின்றன. திரையில் தெரியும் ஸ்கோரில் யார் முன்னால்?

ஸ்கோரில் நடுவே உள்ள கோட்டுக்கு முன்னால் இருப்பது கோல், பின்னால் இருப்பது பாயின்ட். கோலை மூன்றால் பெருக்கி, பாயின்ட்டைக் கூட்டினால் விடை வந்துவிடும். பாலிஹேல் 22, பாலிகன்னர் 20. அந்த நேரத்தில் ஹாரி ரடில் அடித்த பந்து வலைக்குள் போய் விழுகிறது. பாலிகன்னர் 2-17, அதாவது 23. ஒரே அடியில் கோப்பை கை மாறிவிட்டது.

[திரையில்: கோல் கம்பங்களின் வரைபடம்]

கம்பங்களுக்கு நடுவே 6.5 மீட்டர். குறுக்குக் கம்பி தரையிலிருந்து 2.5 மீட்டர். பந்து அதற்கு மேலே போனால் ஒன்று, கீழே போனால் மூன்று. ஹர்லிங்கில் இரண்டு பாயின்ட் முன்னிலையை யாரும் முன்னிலையாகவே மதிக்காதது இதனால்தான்.

அன்று தோற்ற பாலிஹேல் ஷாம்ராக்ஸ் க்ரோக் பார்க்கை எட்டுவதற்கு முன் தாண்டி வந்தது கில்கென்னி கவுன்டி சாம்பியன்ஷிப். கவுன்டி என்றால் நம்ம ஊர் மாவட்டம் மாதிரி. இந்த வீடியோ அதைப் பற்றியது.

[திரையில்: கில்கென்னி வரைபடம், கிளப்களின் நிறங்கள்]

முதலில் கிளப் என்றால் என்ன? பெரும்பாலும் ஒரு பங்கு. ஆமாம், பங்குச் சாமியார் என்கிறோமே, அந்தப் பங்குதான். எந்தப் பங்கில் பிறந்து வளர்ந்தீர்களோ, அந்த ஜெர்சிதான் உங்களுக்கு. ஏலம் இல்லை, சம்பளமும் இல்லை. கில்கென்னி கவுன்டி அணிக்காக எண்பதாயிரம் பேர் முன்னால் ஆடும் நட்சத்திர வீரர் டி.ஜே. ரீட், அது முடிந்ததும் பாலிஹேல் ஜெர்சியில் பக்கத்து வீட்டுப் பையன்களோடு இறங்குகிறார். கில்கென்னியின் புகழ்பெற்ற வீரர் ஹென்றி ஷெஃப்லின் வளர்ந்ததும் இதே கிளப்பில்தான்.

[திரையில்: ஆறு ஆறாக இரண்டு பட்டியல்கள்]

மேல்மட்டமான சீனியர் பிரிவில் 12 கிளப்கள். ஆறு ஆறாக இரண்டு குழு. ஒவ்வொரு அணிக்கும் லீக்கில் ஐந்து ஆட்டம். இரண்டு குழுவிலும் முதல் இரண்டு இடம் பிடிக்கும் நான்கு அணிகள் நேராகக் காலிறுதிக்குப் போகும். மீதி எட்டும் முதல் சுற்றில் மோதும். நான்கு வெளியே, நான்கு காலிறுதிக்குள்ளே. அதற்குப் பிறகு எல்லாமே நாக் அவுட்.

இங்கே கொஞ்சம் நிறுத்தி யோசியுங்கள். லீக்கில் ஐந்தும் தோற்ற அணிக்கும் முதல் சுற்று உண்டு. அங்கிருந்து நான்கு ஆட்டம் ஜெயித்தால் அதுதான் கவுன்டி சாம்பியன். ஐந்தும் ஜெயித்த அணிக்கோ காலிறுதியில் ஒரு மணி நேரம் சரியில்லை என்றால் அந்த வருடமே போச்சு. லீக் கொடுக்கும் உருப்படியான பரிசு ஒரு சுற்றைத் தாண்டும் உரிமை மட்டும்தான்.

அந்த ஒரு சுற்று அவ்வளவு பெரிய விஷயமா? பெரிய விஷயம்தான். முதல் சுற்றில் தோற்கும் நான்கு அணிகள் வீட்டுக்குப் போவதில்லை, தரமிறக்க அரையிறுதிக்குப் போகின்றன. அதிலும் தோற்கும் இரண்டு அணிகள் தரமிறக்க இறுதி ஆடும். அங்கே தோற்றால் அடுத்த வருடம் சீனியருக்குக் கீழே உள்ள இன்டர்மீடியட் பிரிவு. லீக்கில் மூன்றாவதாக வந்த நல்ல அணிகூட மூன்று தோல்வியில் சீனியரை இழக்கலாம். முதல் சுற்று ஆட்டங்களில் பயத்தோடு ஆடுவார்கள். கோலுக்குப் போக வேண்டிய பந்தைப் பாயின்ட்டுக்கு அடிப்பார்கள். என்னைக் கேட்டால், காலிறுதியைவிட அந்த வாரம்தான் பார்க்க வேண்டியது.

இன்னொரு சிக்கல் காலண்டர். 2022 முதல் கவுன்டி அணிகள் மோதும் ஆட்டங்கள் ஜூலையில் முடிந்துவிடுகின்றன. கிளப் சீசன் அதற்குப் பின்னால் வருகிறது. கவுன்டி அணி கடைசிவரை போனால், அதன் வீரர்கள் களைப்போடும் காயத்தோடும் கிளப்புக்குத் திரும்புவார்கள். கவுன்டி வீரர் அதிகமுள்ள கிளப் லீக் தொடக்கத்தில் தடுமாறுவது அதனால்தான். லீக் புள்ளிப் பட்டியலை வைத்து யாரையும் எடை போடாதீர்கள்.

[திரையில்: ஹர்லி மட்டை, அருகில் பந்து]

மட்டையைக் கொஞ்சம் கிட்டத்தில் பாருங்கள். இதன் பெயர் ஹர்லி. ஆஷ் மரத்தின் அடிப்பகுதியிலிருந்து, தண்டு வேராக விரியும் இடத்தில் வெட்டுகிறார்கள். அங்கே மர ரேகையே வளைந்து ஓடும். மட்டையின் அகன்ற முனையும் அதே வளைவில் வரும். ரேகை நேராக ஓடும் கட்டையில் அந்த வளைவை வெட்டி எடுத்தால், முதல் மோதலிலேயே முனை பிளந்துவிடும். முனையைச் சுற்றித் தகரப் பட்டை அடிப்பதும் பிளவைத் தடுக்கத்தான். அயர்லாந்தில் 2012-இல் ஆஷ் மரங்களைக் கொல்லும் பூஞ்சை நோய் கண்டுபிடிக்கப்பட்டது. இப்போது மூங்கில் ஹர்லிகளும் களத்தில் உண்டு. பந்தின் எடை 110 முதல் 120 கிராம். ஹெல்மெட் 2010-இலிருந்து எல்லோருக்கும் கட்டாயம்.

[திரையில்: நோலன் பார்க் மைதானம்]

இறுதி ஆட்டம் கில்கென்னி நகரத்து நோலன் பார்க்கில் நடக்கும். ஜெயித்த கிளப் லென்ஸ்டர் மாகாணப் போட்டிக்கும், அதையும் தாண்டினால் அகில அயர்லாந்துக்கும் போகும். 2023-இல் ஓ'லாக்லின் கேல்ஸ் அப்படித்தான் போய், 2024 ஜனவரி இறுதியில் கால்வே கவுன்டியின் செயின்ட் தாமஸ் அணியிடம் 0-19க்கு 0-18 என ஒரே பாயின்ட்டில் தோற்றது.

அதே 2023-இல் கில்கென்னியின் இன்டர்மீடியட் பிரிவில் ஜெயித்தது தாமஸ்டவுன். மறு வருடம் சீனியருக்கு ஏறி வந்து, இறுதியில் இதே ஓ'லாக்லின் கேல்ஸைத் தோற்கடித்தது. 1946-க்குப் பிறகு தாமஸ்டவுனுக்கு அதுதான் முதல் சீனியர் பட்டம்.