முதல் வேலையை யார் கொடுப்பார், நடுவர் அவர்களே?

நடுவர் அவர்களே, இரு அணித் தோழர்களே, கொசுக்கடியைப் பொருட்படுத்தாமல் உட்கார்ந்திருக்கும் பெரியோர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

"செயற்கை நுண்ணறிவால் நடுத்தரக் குடும்பத்துக்கு ஏற்றமா? ஏமாற்றமா?" ஏமாற்றமே என்று பேச வந்திருக்கிறேன். எனக்கு முன் பேசிய எதிரணித் தோழர், ஓய்வு பெற்ற வங்கி அதிகாரி, பிரமாதமாகப் பேசினார். "1980களில் வங்கிக்குள் கம்ப்யூட்டர் வரக் கூடாது என்று நாங்களே கொடி பிடித்தோம். வந்தது. என்ன குடிமுழுகிப் போயிற்று? அந்தக் கம்ப்யூட்டர்தான் எங்கள் பிள்ளைகளுக்குச் சோறு போட்டது" என்றார். கைதட்டல் பலமாக இருந்தது. நானும்தான் தட்டினேன்.

ஆனால் ஐயா, ஒன்றை விட்டுவிட்டீர்கள். அந்தக் கம்ப்யூட்டர் சும்மா உள்ளே நுழையவில்லை. 1983-இல் உங்கள் சங்கங்களோடு உட்கார்ந்து பேசி, ஒப்பந்தம் போட்டு, வரம்பு வைத்துத்தான் உள்ளே விட்டார்கள். இன்றைக்கு வந்திருக்கும் இயந்திரத்துக்கு யார் யாரோடு உட்கார்ந்து பேசினார்கள்?

அப்புறம் அந்தச் சோறு. கம்ப்யூட்டர் உங்கள் பிள்ளைக்கு ஏன் சோறு போட்டது? அதற்குப் புரோகிராம் எழுத ஆள் வேண்டியிருந்தது. எழுதியதைச் சோதிக்க ஆள், ராத்திரி இரண்டு மணிக்கு அது படுத்துவிட்டால் எழுப்ப ஆள். அமெரிக்காவில் அந்த ஆளுக்குச் சம்பளம் அதிகம், இங்கே குறைவு. அந்த வித்தியாசத்தில்தான் 2000-இல் சென்னை தரமணியில் டைடல் பார்க் என்ற ஐ.டி. வளாகத்தைத் திறந்தார்கள். மூளையை விற்கிறோம் என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டோம். பில் போட்டது என்னவோ தலைக்கணக்கில்தான்: இத்தனை பேர், இத்தனை மணி நேரம், இத்தனை டாலர். இப்போது வந்திருப்பது அந்தத் தலைக்கணக்கிலேயே கை வைக்கிறது.

யார் தலையில் முதலில் வைக்கிறது என்று பார்ப்போம். ஃப்ரெஷர் என்று ஒரு பிள்ளை வேலைக்குச் சேர்கிறது. கொஞ்ச நாள் டிரெயினிங். அதன்பின் அதற்குக் கிடைப்பது 'டிக்கெட்' பார்க்கும் வேலை, அதாவது வாடிக்கையாளர் அனுப்பும் புகாரைத் தீர்க்கும் வேலை. எங்கோ ஒஹாயோவில் ஒருவருக்கு பாஸ்வேர்டு மறந்துவிட்டது. இன்னொருவருக்கு மாதக் கடைசி ரிப்போர்ட்டில் ஒரு வரிசை வரவில்லை. இதைச் சரிசெய்ய வேண்டும், புரோகிராமைச் சோதித்துப் பார்க்க டெஸ்ட் கேஸ் எழுத வேண்டும், மீட்டிங்கில் மூலையில் உட்கார்ந்து குறிப்பு எடுத்து எல்லோருக்கும் மெயில் போட வேண்டும். சலிப்பான வேலைதான். ஆனால் இரண்டு வருடம் இதைச் செய்தால்தான் ஒரு சிஸ்டம் எந்த இடத்தில் உடையும் என்பது பிடிபடும். கல்யாண சமையலில் எடுத்த எடுப்பில் யாரும் சாம்பார் அண்டாவை நம்பி ஒப்படைப்பதில்லை. வெங்காயம் உரித்து, தேங்காய் துருவி, மாஸ்டரிடம் நாலு திட்டு வாங்கித்தான் அடுப்புக்குப் பக்கத்தில் போக முடியும். வெங்காயம் உரிக்கும் வேலையைத்தான் செயற்கை நுண்ணறிவு முதலில் கற்றுக்கொண்டிருக்கிறது. மாஸ்டருக்கு ஒன்றும் ஆகவில்லை. அடுத்த மாஸ்டர் எங்கிருந்து வருவார்?

எதிரணியில் பேசிய பேராசிரியை ஓர் ஆய்வைக் காட்டினார். 2023-இல் வந்தது. ஐயாயிரத்துக்கு மேற்பட்ட வாடிக்கையாளர் சேவை ஊழியர்களுக்குச் செயற்கை நுண்ணறிவு உதவியாளரைக் கொடுத்தபோது ஒருவர் ஒரு மணி நேரத்தில் முடிக்கும் வேலை சராசரியாக 14 சதவீதம் கூடியது, புதியவர்களுக்கு 34 சதவீதம் கூடியது, எனவே புதியவர்களுக்குத்தான் லாபம் என்றார். உண்மையான ஆய்வுதான். எழுதிய மூவரில் ஒருவர் அமெரிக்கப் பொருளாதார அறிஞர் எரிக் பிரின்யால்ஃப்சன். அம்மா, அதே மனிதர் 2025 ஆகஸ்டில் வேறு இருவரோடு சேர்ந்து இன்னொரு ஆய்வு வெளியிட்டார். அதை நீங்கள் காட்டவில்லை, நான் காட்டுகிறேன். அமெரிக்காவின் சம்பளப் பட்டியல்களை எடுத்துப் பார்த்தார்கள். செயற்கை நுண்ணறிவு அதிகம் தொடும் தொழில்களில் 22 முதல் 25 வயது வரை உள்ளவர்களின் வேலைவாய்ப்பு, மற்றத் தொழில்களோடு ஒப்பிட்டால் 13 சதவீதம் சரிந்திருக்கிறது. அதே தொழிலில் இருக்கும் மூத்தவர்களுக்குப் பாதிப்பு இல்லை.

முதல் ஆய்விலேயே இன்னொரு விஷயமும் இருக்கிறது. புதியவருக்கு அந்த இயந்திரம் சொல்லிக்கொடுத்தது எதை? அனுபவசாலி ஊழியர்கள் வாடிக்கையாளர்களிடம் பேசிப் பேசிச் சேர்த்த சாமர்த்தியத்தை. அந்தச் சாமர்த்தியத்துக்குத் தனியாகக் கூலி என்று ஒன்று உண்டா, பேராசிரியை சொல்லட்டும்.

"எங்கே சார் வேலை போயிற்று? கணக்குக் காட்டுங்கள்" என்று எதிரணி கேட்கும். 2025 ஜூலையில் ஐ.டி. நிறுவனமான டி.சி.எஸ். 12,000-க்கும் மேற்பட்டவர்களை, அதாவது 2 சதவீத ஊழியர்களைக் குறைப்பதாக அறிவித்தது. நாடே பேசியது. செயற்கை நுண்ணறிவு அதற்குக் காரணம் இல்லை என்று நிறுவனம் சொன்னது. சரி, அப்படியே வைத்துக்கொள்வோம். அந்த 12,000-ஐ நான் என் கணக்கில் சேர்க்கவே இல்லை. வேலையை விட்டு அனுப்பினால் செய்தி வரும். வேலைக்கு எடுக்காமலே விட்டால் எந்தப் பேப்பரில் வரும்? எடுக்கப்படாத பிள்ளைக்கு ஊழியர் எண் கிடையாது, பி.எஃப். கணக்கு கிடையாது, அழுது போஸ்ட் போட லிங்க்டின்னில் ஒரு கம்பெனிப் பெயர்கூடக் கிடையாது.

அமெரிக்கத் திரை எழுத்தாளர்கள் 2023-இல் 148 நாள் வேலைநிறுத்தம் செய்து, செயற்கை நுண்ணறிவை எப்படிப் பயன்படுத்தலாம் என்பதற்கு விதிமுறை வாங்கினார்கள். வேலையில் இருப்பவர் நிறுத்தலாம். வேலைக்கே சேராதவர் எதை நிறுத்துவார்?

இங்கே நடுவர் அவர்களுக்கு 'முதல் பட்டதாரி' சலுகையை நினைவூட்ட விரும்புகிறேன். குடும்பத்தில் முதலில் பட்டம் படிக்கும் பிள்ளைக்குத் தமிழ்நாடு அரசு கல்விக் கட்டணத்தில் தரும் சலுகை. அந்தச் சான்றிதழுக்காகத் தாலுகா ஆபீஸில் நின்ற அப்பாக்கள் இந்தக் கூட்டத்திலும் இருப்பீர்கள். அந்தச் சலுகை போக, மீதிக்குக் கல்விக் கடன். படிப்பு முடிந்து ஒரு வருடம் வரை தவணை கேட்க மாட்டார்கள். அதற்குப் பிறகு வேலை கிடைத்ததா இல்லையா என்று எந்த வங்கியும் கேட்காது. தவணை தேதிதான் கேட்கும். (வங்கி ஐயா தலையாட்டுகிறார், நன்றி.) வேலை கிடைத்தால்? ஃப்ரெஷர் சம்பளம் பத்து வருடத்துக்கு மேலாக வருடத்துக்கு மூன்றரை லட்சத்தைச் சுற்றியே நிற்கிறது. வரிசையில் நிற்கும் கூட்டம் பெருகினால் அது இனி ஏறுமா?

மருத்துவத்தில் நன்மை உண்டு, எக்ஸ்ரேயில் காசநோயைக் கண்டுபிடிக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் நம் தலைப்பு நோயாளியைப் பற்றியது இல்லை, குடும்ப வரவு செலவைப் பற்றியது. சென்னையில் ஐ.டி. கம்பெனிகள் நிறைந்த சோழிங்கநல்லூர், நாவலூர் பக்கம் போய்ப் பாருங்கள். அந்தப் பிள்ளைகளின் சம்பளத்தை நம்பி ஹாஸ்டல் நடத்துகிறவர், ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர், ராத்திரி ஷிப்டுக்கு முட்டை தோசை போடுகிறவர், இவர்களில் ஒருவரும் கம்ப்யூட்டர் படித்தவர் இல்லை. செயற்கை நுண்ணறிவை ஓட்டும் சர்வர் கம்ப்யூட்டருக்குக் கரண்டும் தண்ணீரும் போதும். அது தோசை கேட்காது.

மணி அடித்துவிட்டீர்கள், முடித்துவிடுகிறேன். அடுத்து வரும் எதிரணித் தலைவர் "பழைய வேலை போனால் புது வேலை வரும்" என்றுதான் ஆரம்பிப்பார். வரட்டும், சந்தோஷம். ஆனால் அந்த வேலையின் பெயர் என்ன, எந்த ஊரில் கிடைக்கும், மாதம் எவ்வளவு கொடுப்பார்கள், இரண்டு வருட அனுபவம் கேட்காமல் 22 வயதுப் பிள்ளையை எடுத்துக்கொள்ளப் போகும் புண்ணியவான் யார் என்பதையும் சேர்த்துச் சொல்லச் சொல்லுங்கள். குறித்துக்கொள்ள நான் பேனாவோடு உட்கார்ந்திருக்கிறேன். வணக்கம்.