சைக்கிளுக்கு வழி எங்கே கேட்பது?

எல்லோருக்கும் வணக்கம்.

அமெரிக்காவில் சைக்கிளில் போன ஒருவர் கார் மோதி இறந்தால் உள்ளூர்ச் செய்தியில் நாலைந்து வரி வரும். கவனித்துப் பாருங்கள், ‘அவர் ஹெல்மெட் அணிந்திருக்கவில்லை’ என்பது பெரும்பாலும் அதில் ஒரு வரியாக இருக்கும். அந்தச் சாலையில் எத்தனை லேன், வேக வரம்பு என்ன, ஓரத்தில் சைக்கிளுக்கு எத்தனை அடி இடம் விட்டிருந்தார்கள், சாலை யாருடைய பொறுப்பு என்று ஒரு சொல் இருக்காது. ஹெல்மெட் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நானும் போடுகிறேன், பிள்ளைகளுக்கும் போட்டு அனுப்புங்கள். ஆனால் மணிக்கு 50 மைல் வேகத்தில் பின்னாலிருந்து வந்து மோதுகிற பிக்கப் டிரக்கிடம் அந்த நுரைத் தொப்பி எவ்வளவுதான் தாங்கும்? 2022ஆம் ஆண்டில் மட்டும் இந்த நாட்டில் சைக்கிளில் போன 1,100 பேருக்கு மேல் சாலையில் இறந்தார்கள். 1975இல் கணக்கெடுக்கத் தொடங்கியதிலிருந்து அதுவரை எந்த ஆண்டிலும் அத்தனை பேர் இறந்ததில்லை. அத்தனை பேரும் தங்கள் கவனக்குறைவால் இறந்தார்கள் என்று சொன்னால் நம்ப முடிகிறதா?

சைக்கிள் ஓட்டுகிறவருக்குப் புத்தி சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நாம் போய்க் கேட்க வேண்டிய இடம் வேறு. அது மாநிலத் தலைநகரில் இருக்கிறது. இன்று நான் பேச வந்தது அவ்வளவுதான்.

ஏன் மாநிலம்? நம் ஊர் மேயரிடம் கேட்டால் போதாதா? போதாது. உங்கள் ஊரில் கடைகள் எல்லாம் வரிசையாக இருக்கிற, ஐந்து லேனோ ஏழு லேனோ கொண்ட அந்தப் பெரிய சாலையை நினைத்துக்கொள்ளுங்கள். சைக்கிளில் போக எல்லோரும் பயப்படுகிற சாலை அதுதான். பல ஊர்களில் அது ஊருக்குச் சொந்தமே இல்லை. ஊருக்குள் ஓடினாலும் மாநில நெடுஞ்சாலை. ஒரு வெள்ளைக் கோட்டை இந்தப் பக்கம் தள்ளிப் போட வேண்டுமென்றாலும் மாநிலப் போக்குவரத்துத் துறையின் அனுமதி வேண்டும். வட கரோலினாவில் 1931லேயே கவுண்டி, அதாவது நம்மூர் மாவட்டம் போன்ற பிரிவு, அதன் சாலைகள் அத்தனையையும் மாநிலம் எடுத்துக்கொண்டது. இன்றைக்கும் அங்கே கவுண்டிகளின் கையில் சாலை கிடையாது.

டெக்சஸில் நடந்ததைக் கேளுங்கள். சான் அன்டோனியோவில் பிராட்வே என்று ஒரு சாலை. அதைச் சீரமைக்க 2017இல் நகர மக்கள் வாக்களித்து 4.2 கோடி டாலர் கடன் பத்திரத்துக்கு ஒப்புதல் தந்தார்கள். ஆறு லேனை நாலாகக் குறைத்து, அகலமான நடைபாதையும் தடுப்போடு கூடிய சைக்கிள் தடமும் போடுவதாகத் திட்டம் வரைந்தார்கள். 2022 ஜனவரியில் மாநிலப் போக்குவரத்து ஆணையம் கூடி, அந்தச் சாலையில் இரண்டு மைல் சொச்சம் எங்களுடையது, லேனைக் குறைக்க விடமாட்டோம் என்று முடிவெடுத்தது. மக்கள் வாக்களித்தாயிற்று, பணம் இருக்கிறது, வரைபடம் தயார். அப்புறமும் நடக்கவில்லை. லேனைக் குறைத்தால் நெரிசல் வரும் என்று மாநிலம் தன் பக்கத்தைச் சொன்னது. அது சரியா தவறா என்பது வேறு விவாதம். முடிவு யார் கையில் இருக்கிறது என்பதைத்தான் காட்ட வந்தேன்.

இதற்கு நேர் எதிரான கதையும் உண்டு. ஒரிகன் மாநிலத்தில் 1971இல் ஒரு சட்டம் வந்தது. கொண்டுவந்தவர் டான் ஸ்டாத்தோஸ், கையெழுத்திட்டவர் ஆளுநர் டாம் மெக்கால், இருவரும் குடியரசுக் கட்சிக்காரர்கள். சைக்கிள் என்றாலே அது ஒரு கட்சியின் விவகாரம் என்று இன்று பேசுகிறவர்கள் இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளலாம். சட்டம் சொன்னது இரண்டு விஷயம். ஒன்று, நெடுஞ்சாலை நிதியில் குறைந்தது ஒரு சதவீதத்தை நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் செலவிட வேண்டும். இரண்டாவது இதைவிடப் பெரிது: சாலையைப் புதிதாகப் போட்டாலும், பெயர்த்து மறுபடி கட்டினாலும் நடைபாதையும் சைக்கிள் வழியும் சேர்த்தே கட்ட வேண்டும்.

சட்டம் வந்ததும் எல்லாம் நடந்துவிட்டதா? இல்லை. ஒரு சதவீதம் செலவழித்துவிட்டோம், அதோடு எங்கள் கடமை முடிந்தது என்று சொல்ல அரசு அமைப்புகளுக்கு வசதியாக இருந்தது. போர்ட்லண்டில் புதிய விளையாட்டு அரங்கைச் சுற்றிச் சாலை போட்டபோது சைக்கிள் அமைப்பு ஒன்று நகராட்சியின் மேலேயே வழக்குப் போட்டது. மேல்முறையீட்டு நீதிமன்றம் 1995இல் தீர்ப்புச் சொன்னது: ஒரு சதவீதம் என்பது குறைந்தபட்சம், உச்சவரம்பு இல்லை; சாலை கட்டும்போது சைக்கிள் வழியும் கட்டித்தான் ஆக வேண்டும். சட்டத்துக்கும் இந்தத் தீர்ப்புக்கும் நடுவில் இருபத்து நாலு வருஷம். போர்ட்லண்டின் சைக்கிள் தடங்களைப் பார்த்து, அந்த ஊர் மக்களின் குணமே அப்படி என்கிறவர்கள் உண்டு. குணத்தோடு ஒரு சட்டமும், வழக்குப் போடத் துணிந்த கொஞ்சம் பேரும் சேர்ந்தார்கள் என்று சொல்லுங்கள், ஒத்துக்கொள்கிறேன்.

சரி, சட்டம் இல்லாத மாநிலத்தில் இருக்கிறோம். எங்கிருந்து தொடங்குவது? தார் போடும் பட்டியலிலிருந்து தொடங்குங்கள் என்பேன். கேட்கச் சப்பென்று இருக்கும். ஆனால் இந்த வேலையில் பத்து வருஷம் உழன்ற யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள்.

ஒரு சாலைக்கு மறுபடி தார் போடும்போது பழைய கோடுகள் எல்லாம் போய்விடும். புதிதாகக் கோடு போட்டே ஆக வேண்டும். அந்தக் கோட்டைப் பழைய இடத்தில் போட்டாலும் வேறு இடத்தில் போட்டாலும் பெயிண்ட் செலவு ஏறக்குறைய ஒன்றுதான். ஒரு சாலை 48 அடி அகலம், 12 அடியில் நாலு லேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதையே போக 11 அடி, வர 11 அடி, நடுவில் இடப்பக்கம் திரும்புகிறவர்களுக்கு 12 அடி என்று மூன்று லேனாக்கினால் 34 அடி ஆகிறது. மீதி 14 அடி. ஒவ்வொரு பக்கமும் 7 அடி: ஐந்து அடி சைக்கிள் தடம், இரண்டு அடி இடைவெளி. ஒரு வீட்டையும் இடிக்க வேண்டாம், ஒரு மரத்தையும் வெட்ட வேண்டாம். நாலு லேனை இப்படி மூன்றாக்கினால் விபத்து 19 முதல் 47 சதவீதம் வரை குறைகிறது என்று ஒன்றிய அரசின் நெடுஞ்சாலை நிர்வாகமே சொல்கிறது. அதில் கார் ஓட்டுகிறவர்களுக்கு நேரும் விபத்தும் அடக்கம். திரும்புவதற்காக நடுச்சாலையில் நிற்கிற காரின் பின்னால் இன்னொரு கார் வந்து இடிப்பது நின்றுபோகிறதே!

இந்தச் சந்தர்ப்பத்தை விட்டால் அதே சாலைக்கு அடுத்த தார் பத்துப் பதினைந்து வருஷம் கழித்துத்தான். மாநிலப் போக்குவரத்துத் துறை இந்தப் பட்டியலை முன்கூட்டியே வெளியிடும். நாம் அதைப் படிப்பதில்லை. தார் போட்டு, கோடு போட்டு, எல்லாம் காய்ந்த பிறகு போய்ப் புகார் சொல்கிறோம். லாஸ் ஏஞ்சலஸ் மக்கள் 2024 மார்ச்சில் ஒரு வாக்கெடுப்பில் இதற்கு வழி செய்தார்கள். நகராட்சி எட்டில் ஒரு பங்கு மைலுக்குக் குறையாமல் ஒரு சாலையைச் சீரமைத்தால், ஏற்கெனவே ஏட்டில் இருக்கிற சைக்கிள், நடைபாதைத் திட்டத்தையும் அப்போதே அங்கே செய்தாக வேண்டும். ஒரு நகரத்துக்குச் செய்ய முடிந்ததை மாநிலச் சட்டமாகக் கேட்பதில் தப்பில்லை.

அடுத்தது வேகம். கார் மோதிய நடப்பவர்களைப் பற்றி, கார் ஓட்டுகிறவர்களின் சங்கமான ஏஏஏவின் அறக்கட்டளை 2011இல் ஒரு கணக்கு வெளியிட்டது. மோதும் வேகம் மணிக்கு 23 மைல் என்றால் பத்தில் ஒருவர் இறக்கிறார். 42 மைல் என்றால் பாதிப் பேர். இடையில் இருப்பது 19 மைல்தான். டிரைவருக்கு அது காலைக் கொஞ்சம் அழுத்துகிற வித்தியாசம்.

ஒரு சாலையின் வேக வரம்பை எப்படி முடிவு செய்கிறார்கள் தெரியுமா? நெரிசல் இல்லாத நேரத்தில் கார்கள் போகும் வேகத்தை அளப்பார்கள். நூற்றில் எண்பத்தைந்து பேர் எந்த வேகத்துக்குள் போகிறார்களோ, அதை ஒட்டி வரம்பு வைப்பார்கள். நீண்ட காலமாக இதுதான் வழக்கம். அதாவது, ஓட்டுகிறவர்கள் வேகமாகப் போனால் வரம்பும் ஏறும். பரீட்சை எழுதுகிற பையன்களே சேர்ந்து தேர்ச்சி மதிப்பெண்ணை வைத்துக்கொள்கிற மாதிரி. 2023 டிசம்பரில் வந்த தேசியச் சாலைக் குறியீட்டுக் கையேட்டின் புதிய பதிப்பு, அந்த அளவீட்டோடு நிற்காமல் சுற்றுப்புறம், நடப்பவர்கள், சைக்கிள்கள் எல்லாவற்றையும் கணக்கில் எடுக்கச் சொல்கிறது. கலிபோர்னியா அதற்கு முன்பே, 2021இல், வரம்பைக் குறைக்க நகரங்களுக்குக் கொஞ்சம் இடம் கொடுத்துச் சட்டம் போட்டது. உங்கள் மாநிலப் பொறியாளர் பழைய முறையையே பிடித்துக்கொண்டிருந்தால் புதிய கையேட்டைப் பற்றிக் கேளுங்கள்.

சைக்கிளை முந்தும்போது மூன்று அடி தள்ளிப் போக வேண்டும் என்ற சட்டத்தைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள். விஸ்கான்சின் 1973இல் தொடங்கியது, இன்று பெரும்பாலான மாநிலங்களில் ஏதோ ஒரு வடிவில் இருக்கிறது. மாசசூசெட்ஸில் 2023 ஏப்ரலிலிருந்து நாலு அடி. தெற்கு டகோட்டாவில் வேக வரம்பு 35 மைலுக்கு மேல் போனால் ஆறு அடி. இருக்கட்டும், நல்லதுதான். ஆனால் ஓடுகிற காரை எந்த போலீஸ்காரர் டேப் வைத்து அளப்பார்? நம் உழைப்பு முழுவதையும் இதில் கொட்ட வேண்டாம் என்பது என் அபிப்பிராயம்.

இதைவிடச் சண்டை மூட்டுகிற சட்டம் ஒன்று இருக்கிறது. ஐடஹோவில் 1982 முதல், சைக்கிளில் வருகிறவர் ஸ்டாப் பலகையில் முழுக்க நிற்க வேண்டியதில்லை. வேகத்தைக் குறைத்துப் பார்த்து, முன்னுரிமை உள்ளவருக்கு வழிவிட்டுப் போகலாம். ‘சைக்கிள்காரர்களுக்கு மட்டும் தனிச் சட்டமா’ என்று உடனே கோபம் வரும். முப்பத்தைந்து வருஷம் வேறு எந்த மாநிலமும் இந்தப் பக்கமே வரவில்லை. 2017இல் டெலவேர் வந்தது. அங்கே அடுத்த 30 மாதங்களில், ஸ்டாப் பலகை உள்ள சந்திப்புகளில் சைக்கிள் விபத்து முந்தைய 30 மாதங்களைவிட 23 சதவீதம் குறைந்திருந்தது. சட்டத்தால்தான் குறைந்தது என்று அடித்துச் சொல்ல முடியாது. கூடிவிடும் என்று பயமுறுத்தியவர்களுக்கு இது பதில்.

கிராமப்புறத்தை மறந்துவிடக் கூடாது. மாநிலம் முழுவதுக்கும் என்று பேச ஆரம்பித்தால் பாதிச் சாலைகள் அங்கேதான். அங்கே யாரும் தடுப்பு வைத்த தடம் கேட்கவில்லை, ஓரத்தில் நாலு அடி தார் கேட்கிறார்கள். அந்த நாலு அடி கிடைத்தாலும் ஒரு சிக்கல் உண்டு. தூங்கி வழிகிற டிரைவரை உலுக்கி எழுப்ப ஓரத்தில் குறுக்குப் பள்ளங்கள் வெட்டுகிறார்களே, ரம்பிள் ஸ்ட்ரிப், அது சைக்கிள் சக்கரத்துக்கு எமன். டிரைவரின் உயிரும் முக்கியம்தான், வெட்டட்டும். ஆனால் நாற்பது முதல் அறுபது அடிக்கு ஒருமுறை பன்னிரண்டு அடி நீளத்துக்கு வெட்டாமல் விட்டால் சைக்கிள் அந்த இடைவெளியில் உள்ளே வந்து வெளியே போகலாம். இது பொறியாளர்கள் அறிந்த முறைதான். கேட்க ஆள் இல்லாத இடத்தில் ஒரே நீளமாக வெட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள்.

பணம் இல்லை என்பார்கள். 2021ஆம் ஆண்டின் உள்கட்டமைப்புச் சட்டத்தில் ஒரு விதி இருக்கிறது. ஒரு மாநிலத்தின் சாலைச் சாவுகளில் நடப்பவர்கள், சைக்கிளில் போகிறவர்கள் போன்றோர் 15 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால், ஒன்றிய அரசு தருகிற சாலைப் பாதுகாப்பு நிதியில் குறைந்தது 15 சதவீதத்தை அவர்களுக்காக அந்த மாநிலம் செலவிட வேண்டும். உங்கள் மாநிலம் அந்தக் கோட்டைத் தாண்டியிருக்கிறதா என்று கேளுங்கள். இன்னொன்றும் கேளுங்கள்: சைக்கிள், நடைபாதை போன்றவற்றுக்கென்று தனியாக வருகிற நிதியில் பாதி வரை வேறு கணக்குக்கு மாற்றிக்கொள்ள மாநிலங்களுக்குச் சில நிபந்தனைகளோடு அனுமதி உண்டு. நம் மாநிலம் எவ்வளவு மாற்றியது? இந்தக் கேள்வி வந்தால் அதிகாரிகள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

கடைசியாக, யார் போய்க் கேட்பது? வார இறுதியில் நாலாயிரம் டாலர் சைக்கிளில் நாற்பது மைல் ஓட்டுகிறவர்கள்தான் வழக்கமாகப் போகிறார்கள். அவர்கள் போவதில் தப்பில்லை. ஆனால் கார் வாங்க வசதியில்லாமல், ராத்திரி பதினொரு மணிக்கு உணவகச் சமையலறையில் வேலை முடிந்து, விளக்கில்லாத மாநிலச் சாலையில் சைக்கிளில் வீடு திரும்புகிறவர் மாநிலப் போக்குவரத்து ஆணையத்தின் கூட்டங்களுக்கு வருவதே இல்லை. வரவும் முடியாது. அந்தக் கூட்டங்கள் பல இடங்களில் வேலை நாளில், பகலில் நடக்கின்றன. அதனால் போகிறவர்கள் இரண்டு வேலை செய்ய வேண்டும். கூட்டத்தை மாலையில் வைக்கச் சொல்லுங்கள், எழுத்திலும் இணையம் வழியாகவும் கருத்துச் சொல்ல வழி கேளுங்கள். பேசக் கிடைக்கிற இரண்டு மூன்று நிமிடத்தில் சுற்றுச்சூழல், உடல்நலம் என்று தொடங்காதீர்கள். ஒரே ஒரு சாலையின் எண்ணைச் சொல்லுங்கள். எங்கிருந்து எங்கு வரை, இப்போது எத்தனை அடி அகலம், எந்த ஆண்டு தார் போடப் போகிறார்கள், கோட்டை எங்கே நகர்த்தினால் எத்தனை அடி கிடைக்கும் என்று சொல்லிவிட்டு, அதையே ஒரு பக்கத்தில் எழுதி ஆணையத்தின் செயலரிடம் கொடுத்துவிட்டு வாருங்கள். எழுதிக் கொடுத்தது கோப்பில் ஏறிவிட்டால், எங்களிடம் யாரும் கேட்கவே இல்லை என்று பிறகு அவர்கள் சொல்ல முடியாது.