வெள்ளாற்றின் வாயில் ஒரு காலை

நேயர்களுக்கு என் அன்பான வணக்கம்.

கடலைக் காணாத சேலத்தில் இருந்துகொண்டு கழிமுகத்தைப் பற்றிப் பேசுவானேன் என்று உங்களுக்குத் தோன்றலாம். ஆத்தூர் வழியே செல்லும் நம் வசிஷ்ட நதி, சுவேத நதியோடு கூடி வெள்ளாறு என்று பெயர் பெற்று, கடலூர் மாவட்டத்துப் பரங்கிப்பேட்டையில் வங்கக் கடலைச் சேர்கிறது. நம் மலைகளில் பெய்யும் மழையின் ஒரு பங்கு அங்கே சென்று சேர்வதால், அந்தக் கரையை நான் அயலாகக் கருதுவதில்லை.

அண்மையில் மாணவர்கள் சிலரோடு அங்கே இயற்கை நடை சென்றிருந்தேன். நாளொன்றுக்கு இருமுறை ஏறி இறங்கும் ஓதம் வற்றும் வேளை பார்த்து, அவ்வூர்க்காரரான வழிகாட்டி எங்களைச் சேற்றுப் பரப்பின் ஓரத்தில் நிறுத்தினார். "ஐந்து நிமிடம் யாரும் அசையாதீர்கள்" என்று மட்டும் சொன்னார். முதலில் துளைகளைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. பிறகு ஒவ்வொன்றாகப் பிடில் நண்டுகள் மேலே வந்தன.

ஆண் நண்டின் ஒரு கொடுக்கு மட்டும் உடலுக்குப் பொருந்தாத அளவுக்குப் பெரியது. அதை உயர்த்தி ஆட்டிப் பெண் நண்டை அழைக்கிறது. எதிர்த்து வரும் ஆணை விரட்டுகிறது. ஆனால் அதைக் கொண்டு உண்ண முடியாது. மற்றச் சிறு கொடுக்கால் சேற்றை அள்ளி வாயிலிட்டு, அதிலுள்ள நுண்ணுயிர்களையும் மட்கிய துகள்களையும் பிரித்துக்கொண்டு, மிஞ்சிய மண்ணைச் சிறு உருண்டையாகக் கீழே வைத்துவிடுகிறது. இரண்டும் சிறு கொடுக்குகளான பெண் நண்டு இரு கையாலும் உண்கிறது. துளைகளைச் சுற்றிப் பரவிக் கிடந்த உருண்டைகளைக் கண்ட மாணவி ஒருத்தி, "ஐயா, நம்மூர்க் களத்தில் ஜவ்வரிசி காய்வதைப் போலவே இருக்கிறது" என்றாள். அதைவிடப் பொருத்தமான உவமை எனக்கும் தோன்றவில்லை.

இந்தத் துளைகள் வழியாகத்தான் காற்றும் நீரும் சேற்றுக்குள் இறங்குகின்றன; அருகே வெண்கண்டல் மரங்கள் மூச்சு விடுவதற்காகப் பென்சில் போன்ற வேர்களை மேலே நீட்டியிருந்தன. தோல் ஈரமாக இருக்கும்வரை தோல் வழியாகவும் மூச்சு வாங்கும் சேற்றுத் தாவி மீன்கள் துள்ளின. உள்ளான்கள் சேற்றில் அலகால் துழாவிக்கொண்டிருந்தன.

இத்தகைய நடைக்குப் பெருங்கூட்டமாகச் செல்ல வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. ஒரு காலடி அதிர்வுக்கே நண்டுகள் அத்தனையும் மறைந்துவிடுகின்றன.

ஓதம் திரும்பியதும் வழிகாட்டி எங்களைப் பின்னே வரச் சொன்னார். நீர் நெருங்க நெருங்க, நண்டுகள் துளைக்குள் இறங்கி, வாயிலை ஈரச் சேற்றால் உள்ளிருந்தே அடைத்துக்கொண்டன.