எண்ணைப் பார்க்குமுன் இனிஷியலைப் பாருங்கள்

அவையோருக்கு வணக்கம். தேர்வுக் குழுவில் உட்காரப்போகும் பேராசிரியர்கள் பலர் இங்கே இருப்பதால் நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

ஓர் ஆய்வாளரின் கட்டுரைகளை மற்றவர்கள் எவ்வளவு மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்பதை ஒரே எண்ணில் சொல்வது எச்-இண்டெக்ஸ். அதை 2005-இல் முன்வைத்தவர் ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர். ஒருவருடைய கட்டுரைகளை மேற்கோள் எண்ணிக்கைப்படி இறங்குவரிசையில் அடுக்குங்கள். 25, 12, 7, 4, 3, 1. நான்காவது கட்டுரைக்கு 4 மேற்கோள் உண்டு, ஐந்தாவதற்கு 3தான். குறைந்தது 4 மேற்கோள் வாங்கிய கட்டுரைகள் நாலு, ஆகவே எச் 4. நாலே கட்டுரை எழுதி ஒவ்வொன்றுக்கும் 200 மேற்கோள் வாங்கியவருக்கும் அதே 4தான்! எழுதுவதை நிறுத்தியவருக்கும் இது ஏறும், பொதுவாக இறங்காது. 35 வயதுக்காரரையும் 55 வயதுக்காரரையும் இதை வைத்து ஒப்பிட்டால் பாதிக்குப் பாதி வயதைத்தான் அளக்கிறோம்.

நம்ம நெல்லைச் சீமையில் அதைவிடப் பெரிய தலைவலி பெயர். நமக்குக் குடும்பப்பெயர் கிடையாது. ‘எஸ். முருகன்’ என்று தேடினால் வேதியியல் முருகன், விலங்கியல் முருகன், கணினி முருகன் எல்லோரும் ஒரே கணக்கில் வந்து விழுவார்கள். அதே ஆள் வேறொரு கட்டுரையில் அப்பா பெயரை விரித்து ‘முருகன் சுடலைமுத்து’ என்று போட்டிருந்தால் அவர் கணக்கு இரண்டாக உடையும். ஆய்வாளர் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகத் தரும் 16 இலக்க ஆர்கிட் எண் 2012-இல் வந்தது இதற்காகத்தான். விண்ணப்பத்தில் அதைக் கேளுங்கள். அதிலுள்ள பட்டியலையும் சரிபாருங்கள்.

எச் எந்தத் தளத்தில், எந்தத் தேதியில் எடுத்தது என்றும் எழுதச் சொல்லுங்கள். கூகுளின் ஆய்வுக்கட்டுரைத் தேடுதளமான கூகுள் ஸ்காலர் ஆய்வேடுகளையும் எண்ணும். தேர்ந்தெடுத்த இதழ்களை மட்டும் எண்ணும் ஸ்கோப்பஸ் தளத்தைவிடப் பெரும்பாலும் கூடுதலாகவே காட்டும். ஒருவருக்கு அது, மற்றவருக்கு இது என்றால் ஒருவரைப் படியில் அளந்து, மற்றவரைத் தராசில் நிறுத்த கதைதான்.

இம்பாக்ட் ஃபேக்டர் என்பது ஓர் இதழின் கட்டுரைகளுக்குச் சராசரியாகக் கிடைக்கும் மேற்கோள். அதை ஆள்மேல் ஏற்றாதீர்கள் என்று ஆய்வை மதிப்பிடுவது பற்றிய 2012 சான்பிரான்சிஸ்கோ பிரகடனமே சொல்லிவிட்டது.

அகத்தியமலையில் புதுச்செடி கண்டு விவரிக்கிறவரை எடுத்துக்கொள்ளுங்கள். செடியின் அறிவியல் பெயருக்குப் பின்னால் அவர் பெயரை உலகமே எழுதும். ஆனால் மூலக்கட்டுரை துணைநூல் பட்டியலில் ஏறாவிட்டால் மேற்கோளாகக் கணக்கில் வராது. ஆதிச்சநல்லூரைப் பற்றித் தமிழில் எழுதுகிறவர் ஸ்கோப்பஸ் கண்ணில் படுவதே அபூர்வம்.

ஆகவே மூன்று கட்டுரைகளை விண்ணப்பதாரரே தேர்ந்து தரட்டும். ஒவ்வொன்றிலும் தான் செய்த வேலை எது, சோதனையா, கணக்கீடா, எழுத்தா என்று நாலு வரி எழுதட்டும். நேர்காணலுக்கு இரண்டு வாரம் முன்பே அவை உறுப்பினர்கள் கைக்குப் போய்விட வேண்டும். அன்று காலை மேஜையில் வைத்தால் யாரும் புரட்டக்கூட மாட்டார்கள்.