தண்ணீரைச் சுமந்து ஓடிய ரயில்கள்

அனைவருக்கும் வணக்கம்.

ஆஸ்திரேலிய ரயில் என்றதும் எல்லோரும் தூரத்தைத்தான் சொல்வார்கள். சிட்னியில் ஏறினால் பெர்த் 4,352 கிலோமீட்டர். நடுவில் நல்லார்பர் சமவெளியில் 478 கிலோமீட்டருக்கு ஒரு வளைவுகூடக் கிடையாது. உலகிலேயே மிக நீளமான நேர்த்தடம் அதுதான். சரி, ஆனால் அந்தத் தூரத்தை ஓடிக் கடந்த நீராவி எஞ்சினைக் கேட்டால் அது வேறு கவலையைச் சொல்லும். தண்ணீர்! கரியைவிடப் பல மடங்கு தண்ணீர் குடிக்கிற இயந்திரம் அது. வேலை முடிந்த நீராவி புகைபோக்கி வழியாக ஆகாயத்துக்குப் போய்விடும், திரும்பி வராது. போகிற வழியெல்லாம் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

மெல்பர்ன் பக்கம் இருப்பவர்கள் பெல்கிரேவ் போய் 'பஃபிங் பில்லி' வண்டியில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். 1900-ல் தொடங்கிய மலைப்பாதை. 1953-ல் மண் சரிந்து மூடியது, அடுத்த ஆண்டு பாதையையே கைவிட்டார்கள். தன்னார்வலர்கள் மண்ணை அள்ளி, கட்டம் கட்டமாகச் சரிசெய்து, 1998-ல் கெம்புரூக் வரை மீண்டும் ஓடவைத்துவிட்டார்கள். எஞ்சின் அறைக்குள் நிற்கும் ஃபயர்மேனைக் கவனியுங்கள். கை கரி அள்ளிப் போடும். கண் மட்டும் ஒரு சிறு கண்ணாடிக் குழாயைவிட்டு நகராது. கொதிகலனுக்குள் தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்று காட்டுவது அதுதான். வண்டி ஏற்றத்தில் போகும்போது தண்ணீர் பின்பக்கம் சாய்ந்து, குழாயில் மட்டம் உயர்ந்து தெரியும். மேட்டைத் தாண்டி இறங்கத் தொடங்கியதும் அத்தனையும் முன்பக்கம் ஓடிவிடும். அந்த நேரம் பார்த்து நெருப்புப் பெட்டியின் கூரை தண்ணீர் இல்லாமல் காய்ந்தால் ஆபத்து. அதற்காகவே அந்தக் கூரையில் ஈயம் அடைத்த ஒரு திருகாணி வைத்திருப்பார்கள். சூடு மிஞ்சினால் ஈயம் உருகி, நீராவி நெருப்பின் மேல் பாய்ந்து எச்சரிக்கும். அது உருகும்படி விடுவது ஃபயர்மேனுக்குப் பெரிய அவமானம்.

இப்போது இதே எஞ்சினைப் பாலைவனத்தில் நிறுத்திப் பாருங்கள். தெற்கு ஆஸ்திரேலியாவின் போர்ட் அகஸ்டாவிலிருந்து மேற்கு ஆஸ்திரேலியாவின் கால்கூர்லி வரை 1,693 கிலோமீட்டர் தடம். 1912-ல் வேலை தொடங்கி, 1917 அக்டோபரில் இரு முனைகளும் ஊல்டியா அருகே சேர்ந்தன. அத்தனை தூரத்தில் நிரந்தரமாக ஓடும் ஒரு நல்ல தண்ணீர் ஆறு, ஓடை எதையும் அந்தத் தடம் கடப்பதில்லை. ஆழ்துளை போட்டார்கள், உப்புத் தண்ணீர்தான் கிடைத்தது. அது கொதிகலனை அரித்தது, உப்பாகப் படிந்தது, நுரைத்தது. கடைசியில் எஞ்சின் குடிக்கவேண்டிய தண்ணீரை ரயிலே தொட்டி தொட்டியாகச் சுமக்க வேண்டியதாயிற்று. பாதையோரச் சிற்றூர்களுக்கு மளிகையும் இறைச்சியும் தண்ணீரும் கொண்டுபோன 'டீ அண்ட் சுகர்' ரயில் 1996 வரை ஓடியது.

ஊல்டியாவைச் சொல்லாமல் நகர எனக்கு மனம் வரவில்லை. மணல்மேடுகளுக்கு நடுவே, களிமண் அடுக்கின் மேல் தேங்கிய ஊற்று அங்கே இருந்தது. தொல்குடி மக்கள் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகக் கூடிய இடம். வணிகமும் சடங்கும் அந்தத் தண்ணீரைச் சுற்றித்தான். ரயில்வே அதை எஞ்சின்களுக்காக உறிஞ்சியது. மேலும் வேண்டும் என்று ஆழமாகத் துளைத்தபோது களிமண் அடுக்கு உடைந்தது, உப்பு ஏறியது. 1920-களிலேயே அந்த ஊற்று வீணாகிவிட்டது. பாதை போட்டவர்களின் உழைப்பைப் பாராட்டும் எந்த மேடையிலும் இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். 1951-ல் அந்தத் தடத்துக்கு டீசல் வந்ததும் எஞ்சினுக்குத் தண்ணீர் தேடும் பாடு தீர்ந்தது. ஊற்று திரும்பவில்லை.

தண்ணீர் இயற்கை வைத்த தடை. மனிதர்களே வைத்த தடையும் ஒன்று உண்டு, அது தடத்தின் அகலம். 1854-ல் மெல்பர்னில் முதல் நீராவி ரயில் ஓடியது. அடுத்த ஆண்டு சிட்னியில். சிட்னியின் அயர்லாந்துப் பொறியாளர் 5 அடி 3 அங்குலம் என்றார், விக்டோரியாவும் ஒத்துக்கொண்டது. அவர் விலகினார், பின்னால் வந்தவர் 4 அடி 8½ அங்குலம் என்று மாற்றிவிட்டார். விக்டோரியா அதற்குள் வண்டிகளுக்குச் சொல்லி அனுப்பியாயிற்று. குயின்ஸ்லாந்து செலவைப் பார்த்து 3 அடி 6 அங்குலத்தில் போட்டது. விளைவு, 1883 முதல் 1962 வரை சிட்னி–மெல்பர்ன் பயணிகள் எல்லையில் ஆல்பரியில் இறங்கி, மூட்டை முடிச்சோடு வேறு வண்டி ஏறினார்கள். அந்த நீண்ட நடைமேடை இன்றும் இருக்கிறது. பெர்த்துக்கு ஒரே அகலத்தில் போக 1970 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இத்தனை பாடுபட்டு இணைத்த தடத்தில் இன்று யார் பயணம் செய்கிறார்கள்? சிட்னி–பெர்த் ஓடும் 'இந்தியன் பசிபிக்', அடிலெய்டு–டார்வின் ஓடும் 'கான்' இரண்டும் சொகுசுச் சுற்றுலா வண்டிகள். கட்டணம் ஆயிரக்கணக்கான டாலர். 2016 வரை அவற்றில் சாதாரண இருக்கைப் பெட்டி இருந்தது. அரசு உதவித்தொகை நின்றதும் அதை எடுத்துவிட்டார்கள். மாணவரும் ஓய்வூதியக்காரரும் கண்டத்தைக் குறுக்கே கடந்த வழி அது. எனக்கு இது உண்மையிலேயே வருத்தம்.

இன்னொன்று. 1943-ல் கட்டிய 3801 என்ற நீராவி எஞ்சின், 1964-ல் ஒரு சிறப்பு ஓட்டத்தில் சிட்னியிலிருந்து நியூகாசிலுக்கு ஏறக்குறைய இரண்டே மணி நேரத்தில் போனது. அன்று மற்ற வண்டிகளை ஒதுக்கித் தடத்தை அதற்கென்று விட்டுக் கொடுத்தார்கள், உண்மைதான். ஆனால் இன்று மின்சார ரயிலுக்கு இரண்டரை மணி நேரத்துக்கு மேல் ஆகிறது! சிட்னி–மெல்பர்ன் இன்னமும் பதினொரு மணி நேரம். அதிவேக ரயிலுக்கென ஓர் அமைப்பு 2023-ல் வந்திருக்கிறது. முதலில் நியூகாசில் தடம், ஒரு மணி நேரப் பயணம் என்கிறார்கள். நல்ல செய்திதான். வாக்குக் கேட்டு வருகிறவர்களிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: வேலை எந்த ஆண்டு தொடங்கும்? அதில் சாதாரண இருக்கைக்குக் கட்டணம் எவ்வளவு?

நன்றி, வணக்கம்.