ஒரு டாலர் வாடகைத் தோட்டம்

(குடியிருப்போர் நலச் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

தலைவர் அவர்களே, செயலாளர் அவர்களே, வேலை முடிந்த களைப்போடு வந்து உட்கார்ந்திருக்கும் நண்பர்களே, வணக்கம்.

கூட்டத்துக்கு முன் செயலாளர் என்னை, நீங்கள் தோட்டம் போட நினைக்கும் அந்தக் காலி மனைக்கு அழைத்துப் போனார். சீமைக்கருவேலம், உடைந்த டைல்ஸ், நடுவில் அரியணை போல ஒரு பழைய வெஸ்டர்ன் டாய்லெட். "ஆடி பிறக்கப் போகிறது, என்ன விதைக்கலாம்?" என்று கேட்டார். வெண்டை, கொத்தவரை, அவரை எல்லாமே வரும். அந்தப் பேச்சுக்கு இரண்டு நிமிடம் போதும். மீதி நேரத்தில் ஒரு கதை சொல்கிறேன்.

1970களின் நியூயார்க். நகராட்சியிடம் காசில்லை. லோயர் ஈஸ்ட் சைடு பகுதியில் வரி கட்டாமல் கட்டடங்களைக் கைவிட்டுப் போனார்கள் வீட்டுச் சொந்தக்காரர்கள். சில எரிந்தன, சில இடிக்கப்பட்டன. மனைகள் நகராட்சியிடம் வந்து குப்பைமேடாயின. லிஸ் கிறிஸ்டி என்ற ஓவியர் அங்கே குடியிருந்தார். நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு, விதையும் உரமும் அடைத்த பலூன்களை வேலிக்கு மேலே வீசினார். தங்களுக்குப் 'பசுமைக் கெரில்லாக்கள்' என்று பெயரும் வைத்துக்கொண்டார்கள். 1973இல் பவரி தெருவும் ஹௌஸ்டன் தெருவும் சந்திக்கும் மூலையில் இறங்கிக் குப்பையை அள்ளி, வேலி போட்டு, வெளியிலிருந்து மண் கொண்டுவந்து 60 மேட்டுப்பாத்திகள் அமைத்தார்கள்.

வெளிமண் எதற்கு என்றால், இடிபாட்டு மண்ணில் கல்லும் பழைய பெயிண்டின் ஈயமும் கலந்திருக்கும். நீங்களும் அந்தச் சல்லியைக் கிளறி முதுகை ஒடித்துக்கொள்ளாதீர்கள். செங்கல் அடுக்கி, ஒன்றரை அடிக்குச் செம்மண்ணும் மட்கிய தொழுவுரமும் நிரப்புங்கள்.

1974இல் நகராட்சி அந்த மனையை மாதம் ஒரு டாலர் வாடகைக்குக் கொடுத்தது. அத்துமீறி நுழைந்தவர்கள் அன்றைக்குத்தான் குத்தகைக்காரர்கள் ஆனார்கள். அதைப் பார்த்து நகரம் முழுக்கத் தோட்டங்கள் முளைத்தன. 1978இல் நகராட்சியே 'கிரீன்தம்ப்' என்ற திட்டத்தைத் தொடங்கியது. ஆனால் கொடுத்தவையெல்லாம் தற்காலிகக் குத்தகை. வேண்டும்போது திரும்பப் பெறலாம்.

1999இல் திரும்பக் கேட்டார்கள். மேயர் ருடி ஜூலியானியின் நிர்வாகம் 114 தோட்டங்களை ஏலத்துக்குக் கொண்டுவந்தது. மனை விலை ஏறிவிட்டது; அக்கம்பக்கம் பார்க்க லட்சணமாக மாறியதில் அந்தத் தோட்டங்களுக்கும் பங்கு உண்டு என்பதுதான் வேடிக்கை. நடிகை பெட் மிட்லரின் அமைப்பும் இன்னொரு நில அறக்கட்டளையும் ஏலத்துக்குச் சற்றுமுன் நாற்பது லட்சம் டாலருக்கு மேல் கொடுத்து அத்தனையையும் வாங்கின. எல்லாருக்கும் மிட்லர் கிடைப்பாரா?

எஸ்பெரான்சா என்ற தோட்டத்துக்குக் கிடைக்கவில்லை. ஸ்பானிய மொழியில் நம்பிக்கை என்று பொருள். அதைத் தொடங்கியவர்களின் பூர்வீகமான போர்ட்டோ ரிக்கோ தீவில் 'கோக்கி' என்று ஒரு குட்டித் தவளை உண்டு. அது கத்துகிற சத்தமே அதன் பெயர். தோட்டக்காரர்கள் அந்தத் தவளையை ஆள் உட்காரும் அளவுக்குப் பெரிதாகச் செய்து, அதனுள் இரவெல்லாம் விழித்துக் காவல் இருந்தார்கள். 2000 பிப்ரவரியில் காவல்துறை வந்து ஆட்களைப் பிடித்துப் போனது, புல்டோசர் நுழைந்தது. அதே நாளில் நீதிமன்றம் தோட்டங்களை அழிக்கத் தற்காலிகத் தடை விதித்தது. எஸ்பெரான்சாவுக்கு அந்தத் தடை உதவவில்லை.

எங்கள் தெருவிலும் சிறிய அளவில் இது நடந்தது. காலி இடத்தில் தோட்டம் போடலாமா என்று கேட்டதற்கு ஓர் அதிகாரி "சும்மா போடுங்கள், யார் கேட்கப் போகிறார்கள்" என்றார். போட்டோம். ஒன்றரை வருடம் கழித்து ஒரு காலையில் மழைநீர் வடிகாலுக்கென்று ஜேசிபி வந்து நின்றது. ஓட்டுநர் நல்ல மனிதர், பத்து நிமிடம் பொறுத்தார். பிஞ்சும் முற்றலுமாகச் சுரைக்காய்களைச் சேலை முந்தானையில் கட்டிக்கொண்டு எல்லாரும் ஓடினோம். "சும்மா போடுங்கள்" என்ற அதிகாரி அதற்குள் மாற்றலாகிப் போயிருந்தார்.

உங்கள் மனைப்பிரிவு பத்தாயிரம் சதுர மீட்டருக்கு மேற்பட்டது. தமிழ்நாட்டு விதிப்படி அதில் சாலைகள் நீங்கலான பரப்பில் 10 விழுக்காட்டைத் திறந்தவெளியாக ஒதுக்கி, உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். ஆகவே அந்த மனைக்கு அனுமதி தர வேண்டியது உள்ளாட்சி. கேட்பதானால் எழுத்தில் கேளுங்கள். எத்தனை ஆண்டுக்கு, தண்ணீர் இணைப்பு யார் பெயரில், வேலி போடலாமா என்று ஒவ்வொன்றாக. அதற்கு முதலில் அந்தத் தானப் பத்திரத்தின் நகல் வேண்டும்.

தலைவரிடம் கேட்டேன். சங்க அலுவலக பீரோவில் எங்கோ இருக்கிறது என்றார். பீரோ சாவி செயலாளரிடம் இருக்கிறதாம். செயலாளர் இப்போது சட்டைப் பையைத் தடவிக்கொண்டிருக்கிறார்.