தீப்புண் அறையில் ஒரு தாலாட்டு

(காரைக்குடியில் ஒரு மாலைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

பேரன்புக்குரிய அவைத் தலைவர் அவர்களே, ஓய்வில்லாத பணிகளுக்கிடையே சிவகங்கையிலிருந்து வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மருத்துவப் பேராசிரியப் பெருமக்களே, வாடகை வாங்காமல் இம்மண்டபத்தைத் தந்ததோடு நில்லாமல் வந்தவர்க்கெல்லாம் காபியும் கந்தரப்பமும் வழங்கிய மண்டபத்துப் பெரியவர் அவர்களே, இரவுப் பணிக்குப் போகும் வழியில் இங்கே வந்திருக்கும் செவிலியர் சகோதரிகளே, ஆச்சிமார்களே, அனைவருக்கும் என் வணக்கம். சென்ற ஆண்டு இதே மேடையில் ஒரு பெரியவரைக் குறிப்பிட மறந்துவிட்டேன். அவர் ஓராண்டாக என்னிடம் பேசவில்லை. இன்றும் எவரையேனும் விட்டிருந்தால் அதை என் முதுமையின் கணக்கில் எழுதிக்கொள்ள வேண்டுகிறேன்.

தீக்காயம் பட்டுத் தேறிவரும் நோயாளிகளுக்கு இசை சிகிச்சை என்பது எனக்குத் தரப்பட்ட தலைப்பு. ஓய்வுபெற்ற தமிழாசிரியன் தீப்புண்ணைப் பற்றிப் பேச எழுந்தால் வள்ளுவரின் குறளோடு தொடங்குவான் என்றே நீங்கள் எதிர்பார்த்திருப்பீர்கள். தீயினால் சுட்ட புண் உள்ளே ஆறிவிடும் என்று வள்ளுவர் சொன்னது நாவினால் சுட்ட வடுவோடு ஒப்பிட்டுத்தான். தீப்புண்ணையே தனியாக எடுத்துப் பார்த்தால் எனக்கு வேறொரு பழமொழி கைகொடுக்கிறது: தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால் தெரியும். மூன்று செய்திகளைச் சொல்ல வந்திருக்கிறேன். தீக்காயத்தின் வலி எப்படிப்பட்டது என்பது முதலாவது. அங்கே பாட்டு என்ன செய்கிறது என்பது இரண்டாவது. வீடு திரும்பியபின் கண்ணாடிக்கு முன் நிற்க அஞ்சும் மனத்துக்கு என்ன செய்வது என்பது மூன்றாவது.

தீக்காயத்தின் வலி இரண்டு வகை. அசையாமல் கிடக்கும்போதும் விடாமல் எரிந்துகொண்டிருப்பது ஒன்று; கட்டைப் பிரித்து, புண்ணைக் கழுவி, செத்த தோலை அகற்றி, மருந்திட்டு மறுபடி கட்டும் நேரத்தில் பாய்ந்து வருவது மற்றொன்று. நரம்பு முனைகளும் வெந்துபோகும் அளவுக்கு ஆழமான காயம் அந்த இடத்தில் வலிப்பதே இல்லை, அதைவிட ஆழம் குறைந்த காயம்தான் உயிர்போகும் வலியைத் தருகிறது என்று மருத்துவர் ஒருவர் விளக்கியபோது நான் வியந்துபோனேன். மார்ஃபின் போன்ற வலிநீக்கி மருந்துகள் அந்த வலியைத் தணிக்கும், முழுவதும் எடுத்துவிடா. மறுநாள் கட்டு மாற்றுவார்கள் என்ற அச்சம் முதல்நாள் இரவே தொடங்கிவிடுகிறது. மருந்து வண்டியின் சக்கரம் கிரீச்சிட்டாலே உடம்பு விறைக்கிறது. விறைத்த உடம்புக்கு வலி இன்னும் கூடுகிறது. பூச்சியத்திலிருந்து பத்துக்குள் உங்கள் வலிக்கு எத்தனை எண் தருவீர்கள் என்று செவிலியர் கேட்பதற்கும் ஒரு காரணம் உண்டு. படுத்திருப்பவர் சொல்லும் எண்ணைவிட நம்பத்தக்க அளவுகோல் கிடையாது. தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தானே தெரியும்?

ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளுக்கு முன் எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்ல வேண்டும். என் தமக்கையை நாங்கள் ஆச்சி என்றே அழைப்போம். ஒரு கல்யாண வீட்டில் பலகாரம் சுட்டுக்கொண்டிருந்தபோது தேன்குழல் அச்சு கைநழுவி எண்ணெய்ச் சட்டிக்குள் விழுந்தது. கொதித்த எண்ணெய் தெறித்து வலது கையும் கழுத்தும் நெஞ்சின் மேற்புறமும் வெந்துவிட்டன. அன்புள்ள அண்டை வீட்டார் ஒருவர் ஓடிவந்து பேனா மையைக் கொட்டினார். இருபது நிமிடம் குழாய்த் தண்ணீரில் காட்டியிருக்க வேண்டும் என்பது அன்று எங்களில் எவருக்கும் தெரியாது. பெரிய நகரம் ஒன்றின் மருத்துவமனையில் சேர்த்தோம். பெயர் வேண்டாம். கட்டு மாற்றும் நாளில் ஆச்சியின் கூக்குரல் கீழ்த்தளத்து வாசல் வரை கேட்கும்.

இசை ஆறுதல் தரும் என்று எங்கோ படித்திருந்த நான் ஒரு டேப் ரிக்கார்டரை வாங்கிக்கொண்டு போய், கோயிலில் சாமி புறப்பாட்டுக்கு வாசிக்கும், எனக்கு மிகவும் பிடித்த நாதசுர மல்லாரியை முழு ஒலியில் வைத்தேன். அடுத்த கட்டிலில் படுத்திருந்த அம்மையார், "தம்பி, சாமி புறப்பாடா, இல்ல எங்களப் புறப்பட வைக்கப் போறியா?" என்று கேட்டார். கருவியை மூடி எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அந்த வார்டில் காளையார்கோயில் பக்கத்து ஆயா ஒருவர் வேலை பார்த்தார். (எங்கள் வீடுகளில் ஆயா என்றால் அம்மாவைப் பெற்றவர், இவரோ வார்டைத் துடைத்து நோயாளியைப் பிடித்துக்கொள்ளும் ஆயா.) இளமையில் செட்டிநாட்டு வீடு ஒன்றில் வேலை செய்தபோது கேட்டுப் பழகிய தாலாட்டை, கட்டுப் பிரிக்கும் நேரத்தில் ஆச்சியின் இடது கையைப் பிடித்துக்கொண்டு மெல்லப் பாடத் தொடங்கினார். அம்மான் கொண்டுவரும் சீரை வரிசையாக அடுக்கிச் செல்லும் பாட்டு அது. பாடிக்கொண்டே போனவர் வெள்ளிச் சாமான்களை விட்டுவிட்டுத் தங்கத்துக்குத் தாவிவிட்டார். பல்லைக் கடித்துக்கொண்டிருந்த ஆச்சி, "நிறுத்துங்க! வெள்ளி விளக்கு எங்க போச்சு?" என்றார். "அடுத்த தடவ கொண்டாரேன் ஆச்சி" என்றார் ஆயா. சீர்வரிசையில் குறைவைக்க ஆச்சிக்கு மனம் ஒப்புமா? முதலடியிலிருந்து தாமே பாடிக் காட்டத் தொடங்கிவிட்டார். பாட்டில் யானை வந்து சேர்வதற்குள் செவிலியர் முடிந்தது என்றார்.

ஆயா அதன்பின் வேண்டுமென்றே தவறு செய்தார். ஒருநாள் பட்டு மெத்தையை மறந்தார். ஒருநாள் அம்மானை மாற்றிச் சித்தப்பனைக் கொண்டுவந்தார். ஒருநாள் அம்மான் சீராகப் பிளாஸ்டிக் வாளியை இறக்கினார். இன்று என்ன காணாமல் போகும் என்று செவிலியரே கேட்கத் தொடங்கினார். வலிக்கவில்லையா என்று பின்னாளில் ஆச்சியைக் கேட்டேன். "வலிச்சது. பிளாஸ்டிக் வாளி அதவிட வலிச்சது" என்றார்.

அந்த ஆயா கைக்கொண்ட வழிக்கு மிக நெருங்கிய ஒன்றை அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில், மெட்ரோஹெல்த் மருத்துவமனையின் தீக்காயப் பிரிவில் முறையாகச் சோதித்திருக்கிறார்கள். 29 நோயாளிகளுக்கு ஒரு நாள் வழக்கமான முறையிலும் இன்னொரு நாள் இசை சிகிச்சையோடும் கட்டு மாற்றி ஒப்பிட்டு, 2010இல் முடிவை வெளியிட்டார்கள். கட்டு மாற்றுவதற்கு முன்பும் பின்பும் மெல்லிய இசையோடு மனத்துக்கு இதமான காட்சிகளை நினைக்கச் செய்வது ஒரு பகுதி. கட்டு மாற்றும்போது நோயாளியைப் பாட்டில் பங்கெடுக்கச் செய்வது மறு பகுதி. இசையோடு கூடிய நாளில் வலி குறைந்திருந்தது. பதற்றமும் தசை இறுக்கமும் தணிந்திருந்தன. ஏன் என்பதற்கு, மெல்சாக், வால் என்னும் இரு அறிஞர்கள் 1965இல் முன்வைத்த கருத்து உதவுகிறது. வலிச் செய்தி மூளைக்குப் போகும் வழியில் முதுகுத்தண்டில் ஒரு கதவு போன்ற அமைப்பு இருக்கிறது என்றும், அந்தக் கதவைச் சாத்தும்படி மூளையே மேலிருந்து ஆணை அனுப்ப முடியும் என்றும் அவர்கள் கூறினார்கள். விடுபட்ட வெள்ளி விளக்கைத் தேடிப் போன ஆச்சியின் மூளை அந்தக் கதவை ஓரளவு சாத்தியிருக்க வேண்டும்.

இதைக் கேட்டுவிட்டு நாளைக் காலையே எவரும் தீப்புண் வார்டில் ஒலிபெருக்கி கட்டிவிடக் கூடாது என்று கேட்டுக்கொள்கிறேன். மைக் செட் மீது நம் ஊருக்கு இருக்கும் காதலை நான் அறிவேன். பாட்டைத் தேர்ந்தெடுக்கும் உரிமை நோயாளிக்கே உண்டு. விபத்து நடந்த நேரத்தில் வானொலியில் ஓடிய பாட்டு அவரை மீண்டும் நெருப்புக்குள்ளேயே தள்ளிவிடக்கூடும். வெந்த தோலுக்குக் கிருமியைத் தடுக்கும் வலிமை இல்லாததால், துடைத்துத் தூய்மை செய்ய முடியாத எந்தக் கருவியும் உள்ளே போகலாகாது. ஆகவே தோல் கட்டிய மத்தளத்தைவிட, கை கழுவி மேலங்கி அணிந்து வருபவரின் குரலே அங்கே சிறந்த கருவி. இந்த இராகம் இந்த நோயைத் தீர்க்கும் என்று அச்சிட்டு விற்கும் பட்டியல்களையும் நான் நம்புவதில்லை.

நம் முன்னோர் இதை அறிந்திருந்தார்களா என்று கேட்பீர்கள். புறநானூற்றின் 281ஆம் பாட்டில் அரிசில்கிழார் ஒரு வீட்டைக் காட்டுகிறார். போரில் புண்பட்டுக் கிடக்கும் தலைவனுக்காக வீட்டு இறைப்பில் (கூரையின் தாழ்ந்த ஓரத்தில்) வேப்பிலை செருகி, வெண்கடுகு தூவி, யாழோடு பல இசைக்கருவிகள் ஒலிக்க, ஆம்பற்குழல் ஊதி, மணி அடித்து, காஞ்சிப் பண் பாடி, நறும்புகை எழுப்பி அவனைக் காக்க வாருங்கள் என்று பெண்கள் ஒருவரையொருவர் அழைக்கிறார்கள். பேயை ஓட்டவே அதைச் செய்தார்கள் என்பதால் அதைக் காட்டி நான் மார்தட்டப் போவதில்லை. ஆனாலும் புண்பட்டவனைச் சுற்றிப் பாட்டு இருக்க வேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றியிருக்கிறது. அப்பர் பெருமான் ஏழு நாள் சுண்ணாம்புக் காளவாயில் அடைக்கப்பட்டபோது பாடியதும் உங்களுக்குத் தெரியும். ஐந்தாம் திருமுறையின் அந்தப் பாட்டில் மாசில்லாத வீணையும் மாலை நிலவும் தென்றலும் வண்டு மொய்க்கும் பொய்கையும் வருகின்றன. கிளீவ்லாந்துக்காரர்கள் நோயாளியை நினைக்கச் சொல்லும் குளிர்ந்த காட்சிகள் இவை போன்றவையே அல்லவா?

இங்கேதான் என் பழைய பல்லவிக்கு வருகிறேன். அவைத் தலைவர் புன்னகை செய்கிறார். கானாடுகாத்தானில் பிறந்த அண்ணாமலைச் செட்டியார் தமிழிசைக்காக 1941இல் அண்ணாமலை நகரில் மாநாடு கூட்டச் செய்ததும், 1943இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் எழுந்ததும், கேட்பவனுக்குப் புரியும் மொழியில் பாட்டு வேண்டும் என்பதற்காகத்தான். விசிறி வீசிக்கொண்டு கேட்கும் சபைக்கே அது வேண்டுமென்றால், கட்டுப் பிரிக்கும் மேசையில் கிடப்பவருக்கு எவ்வளவு வேண்டும்! ஆச்சிக்கு உதவியது, பிழை நேர்ந்தால் கண்டுபிடிக்கும் அளவுக்கு அவர் அறிந்த பாட்டு. அத்தகைய தாலாட்டுகளும் கும்மிகளும் முழுவதாகத் தெரிந்த ஆச்சிமார் நம் ஊர்களில் ஆண்டுக்கு ஆண்டு குறைந்துவருகிறார்கள். ஆறிய தோல் சுருங்கி விரல்களை மடக்கிவிடாமல் இருக்கத் தீக்காயக்காரர் நாள்தோறும் கையை விரித்துப் பயில வேண்டும்; விரித்த உள்ளங்கையில்லாமல் கும்மி தட்ட முடியாது என்பதை இயன்முறை மருத்துவர்கள் எண்ணிப் பார்க்கட்டும். தீக்காயப் பிரிவு உள்ள ஒவ்வோர் அரசு மருத்துவமனையிலும் பயிற்சி பெற்ற ஒரு பாடகருக்கு ஊதியத்தோடு இடம் வேண்டும் என்று மூன்று முறை மனு எழுதினேன். அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகம் 1944இலேயே இசை சிகிச்சைக்குப் பட்டப்படிப்புத் தொடங்கிவிட்டது என்பதையும் அதில் சேர்த்திருந்தேன். பாட்டுப் பாடவா சம்பளம் என்று கேட்டார் ஓர் அதிகாரி. தலைவலியும் காய்ச்சலும் என்று தொடங்கினேன். அதற்குள் அவர் அடுத்த கோப்பை எடுத்துவிட்டார்.

மணி அடித்துவிட்டார்கள். மூன்றாவது செய்தி அப்படியே நிற்கிறது. அதற்கு இன்னொரு மாலை வேண்டும், தலைவர் மனம் வைக்க வேண்டும். இப்போதைக்கு, வாசலின் வலப்புறத் திண்ணையில் ஒரு பதிவுக் கருவியும் இரண்டு நாற்காலிகளும் போட்டிருக்கிறோம். தாலாட்டுத் தெரிந்த ஆச்சிமார் வீட்டுக்குப் போகுமுன் அங்கே கொஞ்ச நேரம் அமர்ந்து பாடிச் செல்ல வேண்டும். ஒரு நாற்காலியில் என் தமக்கை ஏற்கெனவே அமர்ந்துவிட்டார். சீர்வரிசையில் எதையாவது விட்டால் அவர் நிறுத்திவிடுவார் என்பதை முன்கூட்டியே தெரிவித்துக்கொள்கிறேன்.